கூலிக்கு எழுதியவர்கள்

நம்மிடம் அரபு இலக்கணம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் இப்போது வெளிநாட்டில் பணியாற்றி வருகிறார். சென்ற ஆண்டு அவர் ஓர் ஆங்கில நூலின் சில பக்கங்களைப் படியெடுத்து அனுப்பி, அதில் ஒரு சொல்லின் கீழே கோடிட்டிருந்தார். ‘சரகா’ என்பது அச்சொல். “உஸ்தாத் அவர்களே, இது நம் அரபுச் சொல்லாக இருக்குமோ என்று ஐயமாக இருக்கிறது. தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்று கேட்டிருந்தார்.

படித்தோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜார்ஜியா என்றொரு மாநிலம். அதன் கடற்கரையை ஒட்டிச் சபேலோ என்னும் தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்களுள் வயது முதிர்ந்த சிலர் தம் பாட்டிமார்களைப் பற்றிச் சொன்ன செய்திகளே அப்பக்கங்களில் இருந்தன. ஒரு முதியவர் தம் பாட்டியார் ஆண்டுக்கொரு நாள் செய்து தந்த பண்டத்தை நினைவுகூர்கிறார். அரிசியைக் கழுவி, நீரை வடித்து, ஈர அரிசியை இரவு முழுதும் வைத்திருப்பாராம். பிறகு மர உரலிலிட்டு இடித்துத் தேனோ சர்க்கரையோ சேர்த்துக் கையால் தட்டித் தட்டையாகச் செய்வாராம். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உண்ணக் கொடுப்பாராம்; வேறொரு முதியவரின் பாட்டியாரோ மும்முறை ‘ஆமீன்’ சொல்லிவிட்டுத்தான் உண்ணக் கொடுப்பாராம். அந்தப் பண்டத்திற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘சரகா’.

நூலைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். ‘ஸதகா’ என்னும் சொல்லன்றோ அது! மேற்கு ஆப்பிரிக்காவில் பம்பரா மொழி பேசுவோர் ஸதகாவைச் ‘சரகா’ என்றே வழங்குகின்றனர். அல்லாஹ்வுக்காக ஈந்து உண்ணுதல் என்னும் பொருள் மறைந்து, பண்டத்தின் பெயராக மட்டும் அச்சொல் பேரப்பிள்ளைகளின் நாவில் எஞ்சி நின்றிருக்கிறது. ஈர அரிசியை உரலில் இடித்து, ஆமீன் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பங்கிட்ட பாட்டிமார்களை நம் இல்லங்களில் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு அண்மையானது!

சொல்லின் மூலம் தெளிந்தது. ஆனால் வேறொரு கேள்வி எழுந்தது. இதை எழுதி வைத்தவர் யார்? முஸ்லிமல்லர், அரபு கற்றவருமல்லர். ‘சரகா’ என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பொருள் தெரியாத சொல்லைக் காதில் விழுந்தபடியே எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறார். எதற்காக? கூலிக்காக! அவர் அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்த எழுத்தாளர் கூட்டத்தில் ஒருவர். அந்தக் கூட்டம் எப்படித் தோன்றியது என்பதை வாசக நேயர்கள் அறிந்துகொள்வது நலம்.

1929ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன, ஆலைகள் நின்றன. 1933இல் அந்நாட்டு உழைப்பாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலை இழந்தவர்கள் என்றதும் கொல்லரும் தச்சரும் ஆலைத் தொழிலாளரும் நம் நினைவுக்கு வருகின்றனர். பத்திரிகைகள் மூடப்பட்டபோது செய்தியாளர்களும் தெருவுக்கு வந்தனர். ஆசிரியர்கள், நூலகத்தார், எழுத்தர்கள், நூல் எழுதிப் பிழைத்தவர்கள் யாவரும் இலவச உணவு வரிசையில் நின்றனர்.

அவ்வாண்டில் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற ரூஸ்வெல்ட் முதலில் உதவித்தொகை வழங்க ஏற்பாடு செய்தார். ஆயினும் வேலை செய்யக்கூடிய மனிதனுக்கு நாள்தோறும் தருமம் கொடுத்துக்கொண்டிருப்பது அவன் உள்ளத்தை அரித்துவிடும் என்று அவரும் அவருடைய துணைவர் ஹாரி ஹாப்கின்ஸும் கருதினர். 1935இல் பெரியதொரு பொதுப்பணி நிர்வாகத்தை அமைத்தனர். அது வேலையற்றோரைக் கொண்டு சாலைகளும் பள்ளிக்கூடங்களும் பாலங்களும் கட்டியது. அதன் ஒரு பிரிவாக ஓவியர், இசைவாணர், நாடகக்காரர், எழுத்தாளர் ஆகியோருக்கும் திட்டங்கள் வகுக்கப்பட்டன. கலைஞர்களுக்கு எதற்கு அரசாங்க வேலை என்று கேட்டவர்களுக்கு, மற்றவர்களைப் போல் அவர்களும் சாப்பிட்டாக வேண்டுமே என்ற பொருளில் ஹாப்கின்ஸ் விடையளித்தார்.

இவ்வாறு தோன்றியதே கூட்டரசு எழுத்தாளர் திட்டம். ஹென்றி ஆல்ஸ்பெர்க் என்பார் அதன் இயக்குநர். 1936இல் அத்திட்டம் உச்சத்திலிருந்தபோது 6,600க்கு மேற்பட்டோர் அதில் பணியாற்றினர். ஊருக்கேற்ப ஊதியம் மாறுபட்டது. சராசரியாக மாதம் ஏறக்குறைய 80 டாலர். அதில் சேர்வது எளிதன்று. பெரும்பாலோர் தமக்கு வேறு போக்கில்லை, தாம் வறியவர் என்று அரசாங்கத்திடம் மெய்ப்பித்து உதவிப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். நேற்றுவரை தம் பெயரை அச்சில் கண்டு மகிழ்ந்த மனிதர், இன்று ஓர் அலுவலரின் மேசைக்கு முன் நின்று “எம்மிடம் ஒன்றுமில்லை” என்று கையெழுத்திடுவதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கையெழுத்தைவிடக் கடினமான எழுத்து அவர்கள் வாழ்வில் வேறொன்று இருந்திருக்காது.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, நாட்டைப் பற்றி எழுதுவது. அன்றிருந்த 48 மாநிலங்களுக்கும் தனித்தனியே வழிகாட்டி நூல் எழுத வேண்டும். இன்ன சாலையில் சென்றால் இன்ன ஊர், அங்கே யார் வாழ்ந்தனர், என்ன விளைகிறது, எந்தப் பாட்டைப் பாடுகின்றனர், எந்தக் கதையைச் சொல்கின்றனர் என்பவையெல்லாம் அவற்றில் இடம்பெற்றன. மாநில நூல்களில் முதலாவதாக 1937 தொடக்கத்தில் ஐடஹோ மாநிலத்தின் நூல் வெளிவந்தது. வார்டிஸ் ஃபிஷர் என்னும் நாவலாசிரியர் அதன் பெரும்பகுதியைத் தாமே எழுதினார். பிறகு ஒவ்வொரு மாநிலத்திற்கும் நூல் வந்தது. அவற்றோடு நூற்றுக்கணக்கான சிறு வெளியீடுகளும் வந்தன. பொதுப்பணி நிர்வாகம் செலவிட்ட மொத்தத் தொகையில் இத்திட்டத்திற்கு ஆனது ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே.

ஏச்சு மட்டும் குறைவில்லாமல் கிடைத்தது. சாலை வேலை செய்தவர்களை மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவர்கள் என்று எள்ளியவர்கள், இவர்களைப் பென்சிலில் சாய்ந்து கிடப்பவர்கள் என்றனர். 1937இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து நூல் வெளியானபோது பெரும் கூச்சல் கிளம்பியது. 1927இல் மின்நாற்காலியில் கொல்லப்பட்ட சாக்கோ, வான்செட்டி என்னும் இரு இத்தாலியத் தொழிலாளர்களுக்கு அந்நூலில் இத்தனை வரிகளா என்று செய்தித்தாள்கள் வரிகளை எண்ணிக் கணக்குக் காட்டின. 1938இல் நாடாளுமன்றக் குழுவொன்று, இத்திட்டத்தில் பொதுவுடைமையாளர் புகுந்துவிட்டனர் என்று விசாரணை நடத்தியது. 1939இல் ஆல்ஸ்பெர்க் விலக்கப்பட்டார். மாநிலங்களின் பொறுப்பில் சில ஆண்டுகள் தள்ளாடிய பின்னர், போர்க்காலத்தில், 1943இல் எல்லாம் முடிவுக்கு வந்தது.

கூலிக்கு எழுதியவர்களில் பின்னாளில் பெரும்புகழ் பெற்றோர் உண்டு. ரிச்சர்ட் ரைட், ரால்ஃப் எல்லிசன், சோரா நீல் ஹர்ஸ்டன் ஆகிய கறுப்பின எழுத்தாளர்கள் அத்திட்டத்தின் ஊதியத்தில் உண்டவர்களே. 1976இல் நோபல் பரிசு பெற்ற சால் பெல்லோவும் இளமையில் சிக்காகோவில் அந்த வேலை பார்த்தவரே. எனினும் நாம் சொல்ல வந்தது அவர்களைப் பற்றியன்று. அத்திட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளவும் கூசிய எளியவர்கள். வேலையிழந்த ஆசிரியர், எழுத்தர், சிறு செய்தித்தாளின் நிருபர் போன்றோர். இவர்கள் கையில் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு முதியவர்களின் வாசற்படிக்குச் சென்றார்கள். அதுவே நம் உள்ளத்தைத் தொட்ட செய்தி.

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். அடிமைகளாகவே பிறந்து வளர்ந்தவர்கள் 1936இல் எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்திருந்தனர். இன்னும் பத்தாண்டுகள் போனால் கேட்பதற்கு ஒருவரும் இருக்கமாட்டார். 1936 முதல் 1938 வரை 17 மாநிலங்களில் இவர்கள் அம்முதியவர்களைத் தேடிச் சென்று, 2,300க்கு மேற்பட்டோரின் வாய்மொழிகளை எழுதினர். 1941இல் அவை 17 தொகுதிகளாகக் கட்டப்பட்டு வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் வைக்கப்பட்டன. விற்கப்பட்ட தாயை மீண்டும் காணாத மகளின் சொல், சாட்டையின் தழும்பைத் தடவிக்காட்டியவரின் சொல் அவற்றில் இருக்கின்றன. இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் அவற்றைப் படிக்கலாம்.

குறைகளை மறைப்பது நீதியாகாது. எழுதச் சென்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். நேற்றைய ஆண்டையின் இனத்தார் முன் அமர்ந்து அந்த முதியவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்க முடியுமா? வந்திருப்பவர் அரசாங்க மனிதர், இவரால் முதியோர் உதவித்தொகை கிடைக்கலாம் என்று நம்பி அவர் விரும்புவதைச் சொன்னவர்களும் உண்டு. பேச்சை நையாண்டி போல் சிதைத்து எழுதியவர்களும் உண்டு. இத்தனையும் உண்மை. ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் குறைகூறுவதற்கும் ஒன்றும் மிஞ்சியிராது என்பதும் உண்மை.

ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரப் பிரிவினர் கடற்கரை ஊர்களில் எழுதித் திரட்டியவை 1940இல் ஒரு நூலாக வெளிவந்தன. நம் மாணவர் அனுப்பியவை அந்நூலின் பக்கங்களே. அதில் ஒரு மூதாட்டி தம் முன்னோரான பிலாலி முஹம்மது என்பவரையும் அவர் மனைவியையும் பற்றிச் சொல்கிறார். அவர்கள் இருவரும் வேளை தவறாமல் தொழுவார்களாம். நீண்ட மணிக்கோவையை உருட்டுவார்களாம். சிறு பாயை விரித்து அதன்மேல் மண்டியிடுவார்களாம். கதிரவன் எழும்போதும், நடுவானில் நிற்கும்போதும், மறையும்போதும் அவர்கள் கதிரவனைக் குனிந்து வணங்குவார்கள் என்று அம்மூதாட்டி கருதியிருக்கிறார். கூலிக்கு எழுதியவரும் அப்படியே எழுதிவிட்டார்.

நம் போன்றவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? “அம்மா, அது கதிரவ வணக்கமன்று, கதிரவன் எழுகின்ற நேரத்தில் தொழுவது கூடவே கூடாது, அவர்கள் தொழுதது பஜ்ரும் லுஹரும் மஃரிபும்” என்று பாடம் நடத்தத் தொடங்கியிருப்போம். அம்மூதாட்டி வாயை மூடிக்கொண்டிருப்பார். எழுத வந்தவருக்கோ திருத்துவதற்குரிய அறிவு இல்லை. அதனால் மணிக்கோவையும் பாயும் மூன்று வேளையும் அப்படியே நம் கைக்கு வந்து சேர்ந்தன. படித்தவுடன் நாம் இனங்கண்டுகொண்டோம்.

அந்த பிலாலி யார் என்பதும் அறியத்தக்கது. இன்றைய கினி நாட்டின் ஃபூத்தா ஜல்லோன் பகுதியைச் சேர்ந்தவர். மார்க்கக் கல்வி பெற்றவர். இளமையிலேயே பிடித்து விற்கப்பட்டு, பஹாமாத் தீவுகளில் இருந்து, பின்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபேலோவுக்கு வந்தார். அவர் தம் கையால் எழுதிய 13 பக்க அரபுக் குறிப்பேடொன்று ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகிறது. அதைப் பலர் நாட்குறிப்பு என்றே நினைத்திருந்தனர். ஜோசப் கிரீன்பெர்க் என்னும் மொழியறிஞர் அதை நைஜீரியாவின் கானோ நகரத்து உலமாக்களிடம் காட்டி ஆராய்ந்து, 1940இல் கட்டுரை வெளியிட்டார். அது நாட்குறிப்பன்று, மாலிக்கி மத்ஹபின் புகழ்பெற்ற பாடநூலாகிய, இப்னு அபீ ஸைத் அல்கைரவானீ (ரஹ்) அவர்களின் ‘ரிஸாலா’வைத் தழுவியது என்று தெரிந்தது. உளூவும் பாங்கும் தொழுகையும் பற்றிய சட்டங்கள். பிழைகள் மலிந்த எழுத்து. இளமையில் ஓதியதை, நூலில்லாத தேசத்தில், நினைவிலிருந்து எழுதியிருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். ஓதிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட எவரும் அச்செய்தியைக் கண்ணீரின்றிக் கடக்க இயலாது.

இனிக் கூலியைப் பற்றி ஒரு சொல். எழுதுவதற்கும் ஓதிக் கொடுப்பதற்கும் காசு வாங்குவது இழிவு என்று நினைப்போர் நம்மிடையே இருக்கின்றனர். பத்ரில் சிறைப்பட்டவர்களுள் மீட்புத் தொகை கொடுக்க வழியற்று, எழுதத் தெரிந்திருந்தவர்களிடம், ஆளுக்குப் பத்துச் சிறுவர்க்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெறும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன. எழுத்து அன்றே விலை பெற்றுவிட்டது. ஹனஃபி மத்ஹபின் முன்னோர் குர்ஆன் ஓதிக் கொடுப்பதற்குக் கூலி கூடாது என்றனர். பைத்துல்மாலிலிருந்து ஆசிரியர்களுக்குக் கிடைத்துவந்த கொடை நின்றுபோனபோது, கல்வியே அழிந்துவிடுமென்று அஞ்சிப் பின்வந்த அறிஞர்கள் அதனை அனுமதித்தனர். ஆசிரியன் பட்டினி கிடந்தால் கல்வியும் பட்டினி கிடக்கும் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

இதை நாம் ஏட்டில் மட்டும் படித்தவரல்லர். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் மதரஸா மூடப்பட்டுச் சில மாதங்கள் ஊதியமின்றி இருந்தோம். ஓரிரவு யாரோ ஒரு நல்லவர் அரிசியும் பருப்பும் கொண்ட பையொன்றை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்காக துஆச் செய்தோம்; எனினும் அன்றிரவு இல்லாளின் முகத்தை நேரே பார்க்க நம்மால் இயலவில்லை. அடுத்த மாதம் ஒரு வணிகர் வந்தார். தம் பாட்டனார் காலத்து அரபுத்தமிழ்க் கடிதங்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துத் தர வேண்டும், பக்கத்திற்கு இவ்வளவு தருகிறேன் என்றார். அந்தக் காசில் வாங்கிய அரிசியும் அதே கடை அரிசிதான். ஆனால் அன்று பிள்ளைகளோடு பேசிச் சிரித்துக்கொண்டே உண்டோம். ஹாப்கின்ஸ் எதற்காக வேலை வேலை என்று போராடினார் என்பது அன்றைய சோற்றில் நமக்கு விளங்கிற்று.

அந்தக் கடிதங்களைப் பெயர்த்தெழுதிக் கொண்டிருந்தபோது நம் உம்மம்மா அவர்களின் நினைவு வந்து வருத்தியது. பாட்டனார் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1942இல் ஜப்பானியர் பர்மாவில் நுழைந்தபோது ஆயிரமாயிரம் பேரோடு காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்தவர். அவர் வருமளவும் உம்மம்மா ஒவ்வொரு மஃரிபுக்குப் பின்னும் ஓதிய ஒரு துஆ உண்டு. பாட்டனார் வந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் இடையிடையே அதையும் ஓதிக்காட்டுவார். காதால் கேட்டுப் பழகிய அரபு. தேய்ந்து உருமாறிய அரபு.

நாம் மதரஸாவில் மூன்றாம் ஆண்டு ஓதிக்கொண்டிருந்த விடுமுறையொன்றில் அந்தக் கதையைத் தொடங்கினார். துஆ வந்ததும் நாம் குறுக்கிட்டோம். “உம்மம்மா, அந்த எழுத்து அடித்தொண்டையிலிருந்து வர வேண்டும். நீங்கள் சொல்வதில் பொருளே மாறிவிடுகிறது” என்றோம். அவர் சிரித்தார். “நீ ஓதின புள்ள, வாப்பா. நாங்க காதால கேட்டுச் சொல்றவங்க” என்றார். கதையைத் தொடர்ந்தார், ஆனால் துஆவை ஓதவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே நம் முன்னிலையில் அவர் அதை ஓதியதில்லை. சில ஆண்டுகளில் அவர் மறைந்தார். பாட்டனார் எந்தெந்த ஊர் வழியாக வந்தார், எத்தனை நாள் நடந்தார், உடன் வந்தவர்களில் யார் யார் வழியில் மாண்டனர் என்று கேட்டால் நம்மிடம் விடையில்லை. அந்த துஆவின் சொற்களும் நம்மிடமில்லை. நாம் திருத்திய அந்த ஓர் எழுத்து மட்டும் நினைவிலிருக்கிறது.

சபேலோவில் அரபு அறியாத ஒரு கூலிக்காரர் சாதித்ததை, அரபு கற்ற நாம் நம் இல்லத்தில் செய்யத் தவறினோம். அவரைப் பசி அந்த வாசலுக்கு அனுப்பியது. அறியாமை அவரைச் செவிமடுக்க வைத்தது. நமக்குப் பசியுமில்லை, அறியாமையுமில்லை என்று அன்று நினைத்திருந்தோம்.

மாணவருக்கு விடை எழுதினோம். “தாங்கள் கோடிட்ட சொல் ஸதகாவே. அதைக் காத்தவர் நம்மவரல்லர். ஆயினும் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்” என்று எழுதி, அதன்கீழ் இன்னும் சில வரிகளும் சேர்த்தோம்: “தங்கள் வாப்பும்மா நலமாக இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு குறிப்பேடு வாங்கி வாருங்கள். அவர்கள் அருகில் அமர்ந்து, சொல்வதைச் சொன்னபடி எழுதுங்கள். தங்களுக்கு நேரமில்லையானால், நம் மஹல்லாவில் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பிள்ளைகளில் ஒருவருக்கு ஊதியம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இரு வீட்டிலும் அடுப்பெரியும். ஆனால் ஒன்று. ஓர் எழுத்தையும் திருத்த வேண்டாம்.”